மனைவி மாசமாக இருக்கிறாள், கணவனுக்கு என்ன வேலை?

கேள்வி இது: "மனைவிக்கு ஐந்தாம் மாதம். மாதாமாதம் செக்கப்புக்குக் கூடப் போகிறேன், வாசலிலேயே உட்காரச் சொல்லிவிடுகிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். 'ஆம்பளைக்கு இதுல என்னடா வேலை' என்கிறார் அம்மா. வண்டி ஓட்டுவது, பில் கட்டுவது தவிர நான் உண்மையிலேயே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?"

தம்பி, நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. நாமக்கல் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். லாரி ஓட்டப் போன கணவன், ரிக் வண்டியில் போர்வெல் போட வடநாட்டுக்குப் போன கணவன், இவர்களுடைய மனைவிமார்களைத்தான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். ஆண்பிள்ளை கூட வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். கூட வந்தும் ஒன்றுக்கும் உதவாதவர்கள் உண்டு. ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு.

உங்கள் மனைவியின் உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அதில் உங்களுக்கு வேலை இல்லை. உங்கள் உடம்பு, உங்கள் வீட்டு மனிதர்கள், உங்கள் நேரம், இந்த மூன்றிலும் நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாராலும் செய்ய முடியாத காரியங்கள் இருக்கின்றன. பெரும்பாலான ஆண்கள் மனைவி முடிவெடுக்க வேண்டியதில் மூக்கை நுழைத்துவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்த வாசல் விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் ஆண்களை உள்ளே விடாததற்குக் காரணம் பெரும்பாலும் இடம்தான். ஒரே அறையில் நான்கைந்து கட்டில், நடுவே ஒரு திரைகூடச் சரியாக இருக்காது. உங்கள் மனைவிக்குத் துணையாக நீங்கள் உள்ளே வந்தால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண்ணின் கதி என்ன? தமிழ்நாட்டில் 2004-லேயே பிரசவத் துணை என்ற ஏற்பாட்டை அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்தார்கள். பெண் துணை மட்டும்தான், அம்மாவோ மாமியாரோ அக்காவோ. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதற்கும் இதைச் சொன்னபோது, தனிமைக்கு வசதியுள்ள பிரசவ அறைகளில் கணவனையும் துணையாக அனுமதிக்கலாம் என்று சேர்த்துச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் பெண் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுக்க உடன் இருக்க வேண்டும் என்கிறது. 'பெண் விரும்பும் ஒருவர்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் மனைவிக்கு அந்த நேரத்தில் அவருடைய அம்மாதான் வேண்டும் என்றால் அதில் உங்களுக்கு வருத்தம் வேண்டாம். நீங்கள்தான் வேண்டும் என்றால், வலி வந்த அன்று நர்ஸிடம் சண்டை போடாமல், எட்டாம் மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, செக்கப். டாக்டர் அறைக்குள் நீங்கள் போனீர்களா இல்லையா என்பது பெரிய விஷயமே இல்லை. வெளியே வந்ததும் அந்தத் தாய் சேய் நல அட்டையை வாங்கிப் படித்தீர்களா? ஒரு கணவர் என்னிடம் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "ரத்தம் ஒன்பது இருக்குன்னாங்க, நல்லாத்தான் இருக்கு." பத்துக்கு ஒன்பது மார்க் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் ஆபத்து, உடனே சிகிச்சை வேண்டும். ஒன்பது என்றால் இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அந்த மாத்திரை குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கல் வரும். அதனால் பல பெண்கள் வாங்கி வந்து அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். டீயோடும் பாலோடும் சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். "மாத்திரை போட்டியா?" என்று அதட்டுவதற்கு வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கும். "எந்த நேரம் போட்டா குமட்டல் கம்மியா இருக்கு?" என்று கேட்கிற ஆள்தான் இருக்காது. ராத்திரி சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போது போட்டால் சிலருக்குத் தாங்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் கூட இருந்து பார்த்தால் போதும்.

அட்டையில் பார்க்க வேண்டிய இன்னொன்று பி.பி. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் கவனிக்காவிட்டால் வலிப்பில் போய் முடியலாம். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, இவையும் காத்திருக்கக் கூடாதவை. தாய் சாவுகளை ஆராய்ந்தவர்கள் 1994-இல் மூன்று தாமதங்கள் என்று பிரித்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழ்நாட்டில் 2008-இலிருந்து 108 ஓடுகிறது, இரண்டாவது தாமதம் நிறையக் குறைந்துவிட்டது. முதலாவது இன்னும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "அவன் வரட்டும், கேட்டுட்டுப் போகலாம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போயிற்று. அந்த 'அவன்' நீங்கள்தான் தம்பி. வேலையாக எங்கேயோ வெளியூரில் இருப்பீர்கள், போன் எடுக்காது. ஆகவே இப்போதே உங்கள் அம்மா, மாமியார் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "இவளுக்கு ஏதாவதுன்னா யாரும் என்னைக் கேட்க வேண்டாம், நேரா கிளம்பிடுங்க." ஒரு பிரசவத்தில் ஆண் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று. செலவு ஒரு பைசா இல்லை.

இதோடு சேர்த்து, கையெழுத்து. "கணவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன்" என்று ஆஸ்பத்திரியில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பதினெட்டு வயது தாண்டிய, நினைவோடு இருக்கும் பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றார்கள். கருக்கலைப்புச் சட்டமும் 1971-இலிருந்தே அப்படித்தான், வயது வந்த பெண்ணுக்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. நடைமுறையில் ஆஸ்பத்திரிகள் உறவினர் கையெழுத்தையும் வாங்குகின்றன, பிறகு தகராறு வரக்கூடாது என்று. கேட்டால் போட்டுக் கொடுங்கள். ஆனால் உங்கள் கையெழுத்துக்காக மனைவி தியேட்டர் வாசலில் காத்துக் கிடக்கும்படி வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் உடம்பு. கர்ப்பம் என்றால் ஊசியும் ரத்தப் பரிசோதனையும் அவளுக்குத்தான் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. அட்டையில் அவருடைய ரத்த வகை நெகட்டிவ் என்று இருந்தால் அடுத்த கேள்வி உங்கள் ரத்த வகை என்ன என்பதுதான். நீங்கள் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது தாயின் உடம்பு அந்த ரத்தத்துக்கு எதிராக ஆயத்தமாகிவிடும், அடுத்த குழந்தைக்கு அது ஆபத்து. இதைத் தடுக்க 28-வது வாரம் ஆன்ட்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் ஊசி உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இதில் உங்கள் பங்கு ஒரு சொட்டு ரத்தம். அதைக் கொடுக்க லேபுக்கு வராமல் ஒன்பது மாதம் இழுத்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இன்னும் சிக்கல். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதற்கு ரத்தம் பார்க்கிறார்கள். இருப்பது தெரிந்தால் பென்சிலின் ஊசி போட்டு குணப்படுத்திவிடலாம், குழந்தையையும் காப்பாற்றலாம். ஆனால் கணவன் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் அவள் மறுபடி வாங்கிக்கொள்வாள், போட்ட ஊசி வீண். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று ஒன்று இருக்கும், அங்கே இருவருமாகப் போய் ஆலோசனை கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பக்கம் லாரித் தொழிலால் இந்தப் பேச்சு எப்போதும் உண்டு. மனைவிக்கு ஏதாவது வந்திருந்தால் "எங்கிருந்து வந்துச்சு" என்று அவளைப் பார்த்துக் கேட்கிற ஊர் இது. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆண் நீங்கள் என்றால் அந்தக் கேள்விக்கு விடை எங்கே என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே முன்வந்து பரிசோதனைக்குப் போய்விட்டால் அவள்மேல் பழி விழாது.

குழந்தை இல்லாத வீடுகளிலும் இதே கதைதான். மருமகளை ஊர் ஊராக ஸ்கேனுக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவார்கள், மகனுக்கு விந்துப் பரிசோதனை மட்டும் நடக்காது. குழந்தையின்மையில் பாதியளவுக்கு ஆண் பக்கத்துக் காரணமும் கலந்திருக்கிறது. இருக்கிற பரிசோதனைகளிலேயே மலிவானது, வலியில்லாதது அதுதான். இரண்டிலிருந்து ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டுப் போய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவே. உங்களுக்கு இது தேவைப்படவில்லை, நண்பர் யாருக்காவது சொல்லி வையுங்கள்.

அடுத்ததுதான் யாரும் பேச விரும்பாதது. தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குக் 'குடும்பக் கட்டுப்பாடு' என்றால் இரண்டாவது பிரசவத்தோடு பெண்ணுக்குச் செய்வது என்றே அர்த்தம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாடு முழுக்க மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் கணக்கு இன்னும் அதிகம், பாதிக்கும் மேல்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950-களிலேயே சென்னை மாகாணத்தில் ஆண்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து வாசக்டமி என்ற ஆண் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் கலெக்டர் கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் சுமார் 63 ஆயிரம் ஆண்கள் செய்துகொண்டார்கள். அப்புறம் அவசரநிலை வந்தது. 1976-77-இல் ஒரே ஆண்டில் 82 லட்சம் கருத்தடைகள், அதில் 62 லட்சம் வாசக்டமி. வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்த கொடுமையெல்லாம் உண்டு. அந்தப் பயத்திலும் கோபத்திலும் ஆட்சியே மாறியது. அதற்குப் பிறகு எந்த அரசியல்வாதியும் ஆண் கருத்தடையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சுமை மொத்தமும் பெண்கள் தலையில் இறங்கியது. இலக்கு வைத்து வேலை வாங்கிய காலத்தில் நாங்களும் பெண்களைத் தேடித்தான் போனோம், ஆண்களைக் கேட்கவே இல்லை.

ஆண்கள் என்னிடம் சொன்ன காரணம் எப்போதும் ஒன்றுதான்: "சுமை தூக்க முடியாதும்மா, வண்டி ஓட்ட முடியாது." எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம். ஆகவே நான் சொல்கிறேன். விந்தணு வருகிற குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண்மைச் சுரப்பு நேரே ரத்தத்தில் கலப்பது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தம் இல்லை. ஆசை, எழுச்சி, விந்து வெளியேறுவது எல்லாம் முன்போலவே இருக்கும், விந்தில் அணு மட்டும் இருக்காது. 1974-இல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் கத்தி இல்லாத முறையைக் கண்டுபிடித்தார். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் நவீன வாசக்டமி என்று செய்வது அதைத்தான். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாக ஒரு துளை. தையல் கிடையாது. கால் மணி நேரம் போல ஆகும், அன்றே வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரத்துக்குக் கனமான வேலை வேண்டாம். பெண்ணுக்குச் செய்வதென்றால் வயிற்றைத் திறந்தாக வேண்டும். எது சின்ன விஷயம் என்று நீங்களே பாருங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். செய்த அன்றிலிருந்தே பாதுகாப்பு கிடையாது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை, பிறகு விந்தைப் பரிசோதித்து அணு இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டாம் மாதம் மனைவி உண்டாகிவிட, வீட்டில் நடந்த ரகளையை நான் பார்த்திருக்கிறேன். அவளைச் சந்தேகப்பட்டுத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அட்டையில் தேதியைக் காட்டி நானும் டாக்டரும் எடுத்துச் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். வருடாவருடம் நவம்பர் 21-லிருந்து டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவாரம் என்று நடத்துவார்கள், அப்போது முகாமும் இருக்கும். அரசு கொடுக்கும் தொகைகூட ஆணுக்குத்தான் அதிகம். ஆனால் உங்களுக்கு இது முதல் குழந்தை, இப்போது இந்தப் பேச்சு வேண்டாம். இது நிரந்தர முறை, மறுபடி இணைக்கும் ஆபரேஷனை நம்பி யாரும் செய்துகொள்ளக் கூடாது. இப்போது உங்களுக்குப் பொருந்துவது இடைவெளி. அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது போகட்டும். பிரசவமானதும் காப்பர்-டி போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி இருக்கிறது. அல்லது நீங்கள் ஆணுறை பயன்படுத்தலாம். துணை சுகாதார நிலையத்தில் ஆணுறை இலவசம், பெட்டியில் வைத்திருப்பார்கள். கேட்க வெட்கமாக இருந்தால் கடையில் வாங்குங்கள். "வெட்கமா இருந்துச்சும்மா, அதான்" என்று எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி மாசமாக இருக்கும் மனைவியைக் கூட்டி வந்தவரிடம் நான் என்ன சொல்வது?

இனித் தாய்வீடு. உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியமான முடிச்சு. முதல் பிரசவம் பெண் வீட்டில் என்பது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். மாமியார் வீட்டு வேலையிலிருந்து ஓய்வு கிடைக்கும், அம்மா கையால் சாப்பாடு கிடைக்கும். ஆனால் இதில் ஒரு பக்க விளைவு இருக்கிறது. ஏழாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும் வரை கணவன் விருந்தாளியாகிவிடுகிறான். தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து அதிகமான காலமும் இதே காலம்தான். கூடவே, பிரசவச் செலவு பெண் வீட்டார் பொறுப்பு என்ற பழக்கம் வேறு. ஆஸ்பத்திரியில் "பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொன்னால், மாமனார் கடன் வாங்க ஆள் தேடுவார், மாப்பிள்ளையிடம் கேட்க அவருக்குத் தயக்கம். முதலிலேயே பணத்தை அவர்கள் கையில் கொடுத்து வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக வரும். பணம் மனைவியின் கணக்குக்குத்தான் வரும். ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

ஊர் மாறினால் பதிவும் மாற வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணோடு அந்த ஊர்ச் செவிலியரிடம் போய்ச் சொல்லி, அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அனுப்புங்கள், போனில் படம் எடுத்து நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் ரத்த வகைக்குக் கொடையாளிகள் இரண்டு மூன்று பேரைப் பேசி வையுங்கள். பிரசவம் முடிந்த முதல் 24 மணி நேரம் ரொம்ப முக்கியம், ரத்தப்போக்கு எப்போது வேண்டுமானாலும் கூடலாம். "குழந்தை பொறந்தாச்சு" என்று எல்லோரும் ஸ்வீட் வாங்கப் போய்விடும் நேரமும் அதுதான்.

விடுப்பு. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, இரண்டு குழந்தை வரைக்கும், பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனிக்கு அப்படிச் சட்டம் ஏதும் இல்லை, பெண்ணுக்கு 26 வாரம் என்று 2017-இல் உயர்த்திய சட்டம் அப்பாவை மறந்துவிட்டது. உங்கள் கம்பெனியில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பிரசவத்தன்றே எல்லா விடுப்பையும் செலவழித்துவிடாமல், கொஞ்சத்தை மனைவி உங்கள் வீட்டுக்குத் திரும்பும் வாரத்துக்கு வையுங்கள். அம்மா வீட்டுத் துணை போய், ராத்திரி முழிப்பும் வீட்டு வேலையும் ஒரே நாளில் அவர் தலையில் விழும் வாரம் அது.

குழந்தை பிறந்ததும் உங்களுக்கு முதல் வேலை உங்கள் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது. சேனை தொட்டு வைக்க ஒரு பெரியம்மா வருவார், சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொண்டுவருவார். வேண்டாம் என்று மருமகள் சொன்னால் திமிர் என்பார்கள், நீங்கள் சொன்னால் "டாக்டர் சொன்னாராமே" என்று விட்டுவிடுவார்கள். நியாயமா என்று கேட்டால் இல்லைதான், ஆனால் ஊர் அப்படி இருக்கும்போது உங்கள் வாய்க்குக் கிடைக்கிற அந்த மரியாதையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். "பால் பத்தல, டப்பா வாங்கு" என்ற யோசனை மூன்றாம் நாளே வந்துவிடும். குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் பத்துகிறது என்று அர்த்தம். பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குக் காய், பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் குறைக்கிற வீடுகளில் அதையும் நீங்கள்தான் பேச வேண்டும்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தையென்றால் கங்காரு முறை சொல்வார்கள், வெறும் மார்போடு குழந்தையை அணைத்துக் கட்டிக்கொள்வது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் போனபோது எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. அம்மா சாப்பிடவும் தூங்கவும் அப்பா மாற்றிக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றிவிட்டு வார்டில் உட்காரக் கூச்சப்படாத ஆண்கள் எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. அப்படி உட்கார்ந்த ஒரு ரிக் தொழிலாளி, குழந்தை மார்பில் தூங்கிவிட்டால் பேச்சு எழாமல் கையை ஆட்டித்தான் எங்களிடம் தண்ணீர் கேட்பார். அசைந்தால் எழுந்துவிடுமாம்.

தடுப்பூசித் தேதிகள் பிறந்த அன்று, 6, 10, 14 வாரம், அப்புறம் 9-ஆம் மாதம், 16-இலிருந்து 24 மாதத்துக்குள். இது அம்மா வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தடுப்பூசி போடும் புதன்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள், ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலோடு அழும்போதும் நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலும், 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும். மூன்றாம் நாள் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மனசு விஷயமும் ஒன்று இருக்கிறது. பிரசவமான பெண் இரண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டே இருந்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால், தூக்கம் கிடைத்தும் தூங்க முடியாமல் இருந்தால், "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தினமும் போனில் பேசுகிற உங்களுக்குத்தான் குரல் மாறுவது முதலில் தெரியும். அப்பாக்களுக்கும் வரும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வந்த ஒரு கணக்கில் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது. ஆண்களிடம் அது அழுகையாக வராது, எரிச்சலாகவும் குடியாகவும் வரும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது உங்களுக்கு மட்டும் இல்லை, இதைப் படிக்கும் அதிகாரிகளுக்கும் சேர்த்துத்தான். ஆண்களைக் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று பெண்ணுக்குக் கதவை மூடிவிடக் கூடாது. தான்சானியாவில் எச்.ஐ.வி. பரிசோதனைக்காகக் கணவனோடு வருபவளுக்கு முன்னுரிமை என்று ஆரம்பித்தார்கள். தனியாக வந்தவளை "கிராமத் தலைவரிடம் கடிதம் வாங்கிவா" என்று திருப்பி அனுப்புவதில் போய் முடிந்தது. கணவனால் கைவிடப்பட்டவள், கல்யாணம் ஆகாதவள் எங்கே போவாள்? 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஆண்களின் பங்கேற்பைப் பரிந்துரைத்தபோதே, பெண்ணின் விருப்பத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் அது பறிக்கக் கூடாது என்று சொன்னது. ருவாண்டாவில் வேறு மாதிரி செய்தார்கள். இளம் அப்பாக்களையும் தம்பதிகளையும் பதினைந்து அமர்வுகளில் உட்காரவைத்துப் பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை, சண்டை, பணம் எல்லாவற்றையும் பேசவைத்தார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தபோது செக்கப்புக்கு வருவது கூடியது, கருத்தடைப் பயன்பாடு கூடியது, மனைவியை அடிப்பது குறைந்தது. ஆளை வரிசையில் நிற்கவைத்தால் இதெல்லாம் நடக்காது, வீட்டில் நடப்பதைப் பேச வேண்டும்.

அதனால் செக்கப்பில் டாக்டரோ நர்ஸோ "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகக் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு, "வீட்டுல அடிக்கிறாங்களா" என்பது உட்பட. நீங்கள் தங்கமான மனிதராக இருக்கலாம், அந்த நர்ஸுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

அடுத்த மாதம், ஆறாம் மாதச் செக்கப்பில் சர்க்கரைப் பரிசோதனை இருக்கலாம். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், சிலருக்கு வாந்தி வரும், குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து. எல்லாக் கணவன்மார்களும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் "ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்" என்று கிளம்புவார்கள். நீங்கள் இருங்கள். அட்டையைப் படியுங்கள், புரியாததை ஒரு தாளில் எழுதி மனைவியிடமே கொடுத்து உள்ளே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ரத்த வகையையும் அன்றே பார்த்துவிடுங்கள், லேப் அதே கட்டடத்தில்தான் இருக்கும்.